துக்க வீட்டுக்குக் கிளிப்பச்சை

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது வீடு பச்சையாக இருந்தது.

சாதாரணப் பச்சை இல்லை, கிளிப்பச்சை. அடியில் முழங்கால் உயரத்துக்கு ரோஸ் பட்டை. ஜன்னல் கம்பிகளுக்கு நீலம். போன ஞாயிறு வரைக்கும் அது சுண்ணாம்பு மங்கி, மழைத்தண்ணீர் வழிந்த கறையோடு, கீழே காவிப்பட்டை உரிந்து நின்ற வீடு. அந்தக் கறைக்காகத்தான் சூளகிரி சுற்றுவட்டாரத்தில் இத்தனை வீடுகள் இருக்க அந்த வீட்டைப் பிடித்திருந்தோம்.

கேமராமேன் ஸ்டாண்ட் போட மறந்து பைக்கிலிருந்து இறங்கிவிட்டார். பைக் அப்படியே சாய்ந்து விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் தூக்காமல் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரல் இடுக்கில் இன்னும் பச்சை இருந்தது.

"எப்படி இருக்குது மேடம்? மூணு நாளா ஆளுங்க வேலை செஞ்சாங்க. ரெண்டு கோட்டு. நீங்க பாக்கணும்னுதான் போன்ல கூட சொல்லலே."

"நல்லா இருக்குதுங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

"சினிமாவுல வர்ற வீடு. அழுக்கா இருந்தா உங்களுக்கும் மரியாதை இல்லே, எனக்கும் மரியாதை இல்லே."

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது துக்க வீட்டுப் படம்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பைக்குகளின் பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவு. அடித்த நிறம் மாதிரித் தகட்டின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு சிவப்பில் மஞ்சள் ஒரு துளி கூடிவிட்டால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலையில் சேர்ந்த இத்தனை வருடங்களில் அந்த நோய் கண்ணோடு ஒட்டிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன். அவர் சட்டையும் வேட்டிக்கரையும் ஒரே மெரூனா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கம்பெனி பஸ்ஸில் போகிற வருகிற நேரத்தில் போனில் படங்கள் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் நானும் ஒன்று எழுதினேன். மனைவி செத்துப்போன ஒரு மனிதர் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறார். அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு நிமிடம். மொத்தம் நாலு வசனம். அதில் ஒன்று "ம்."

கேமராமேன் எங்கள் பிரிவிலேயே மெஷின் பராமரிப்பில் இருப்பவர். சனி ஞாயிறு கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார். கிருஷ்ணகிரியிலிருந்து ஆனேக்கல் வரைக்கும் அவர் கேமராவுக்கு முன்னால் தாலி கட்டியவர்கள் நிறையப் பேர். என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்பார். கதாநாயகன் எங்கள் கேன்டீன் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர். மனிதர் நல்ல சந்தோஷி. ஆனால் சிரிக்காமல் சும்மா இருந்தால் யாரோ செத்துப்போன மாதிரி ஒரு முகம். அவர் சாம்பார் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை ஒரு மதியம் கண்டேன். அங்கேயே அவரை முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ரோஜா விவசாயி. பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகளில் ரோஜா வளர்த்துப் பெங்களூருக்கு அனுப்புகிறவர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். புது வீடு ரோட்டோரம் இருக்கிறது. பின்னால் இருந்த பழைய வீட்டில் உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கொடுத்தார், ஒரு பைசா வாங்காமல். அதனால்தான் "ஏன் அடிச்சீங்க" என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்க முடியவில்லை.

பின்னாலேயே வந்து சேர்ந்த கதாநாயகனை வாசலில் நிறுத்தி ஒரு படம் மட்டும் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஷூட்டிங் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஹைவேயில் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். படத்தில் பாதி எடுத்தாகிவிட்டது. மீதியில் வீடு கிளிப்பச்சை.

"மறுபடியும் வெள்ளை அடிச்சுடலாமா?" என்றார் கேமராமேன்.

"அவர் முகத்தைப் பாத்தீங்கல்ல? அதுக்கு அவர் வீட்டையே இடிச்சுடலாம்."

"அப்ப முதல்லேர்ந்து எடுப்போம். பச்சை வீட்டுலயே."

கதாநாயகன் டம்ளரைக் கீழே வைத்தார். "மேடம், நான் இந்தத் தாடியை வச்சுக்கினு ஒன்றரை மாசமா வீட்டுல திட்டு வாங்கறேன். பொண்ணு நிச்சயம் வருது. அதுக்கு மேல ஒரு நாள் தாங்காது."

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். "கதையிலேயே நான் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி வச்சுட்டா?"

"பொண்டாட்டி செத்த துக்கத்துலயா?"

"மனசைத் தேத்திக்கறதுக்கு."

"ரோஸ் பட்டையோடயா?"

அவர் டீயைக் குடித்தார்.

கறுப்பு வெள்ளை என்று முதலில் சொன்னது யார் என்பதில் இன்றுவரை எனக்கும் கேமராமேனுக்கும் தகராறு. நான்தான் சொன்னேன். போனை எடுத்து, காலையில் நான் பிடித்த பச்சை வீட்டுப் படத்தை நிறம் நீக்கிக் காட்டினேன். வீடு சாம்பலாக மாறியது. பழைய வீட்டுப் படத்தையும் அதேபோல் மாற்றிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று வெளிர் சாம்பல், மற்றது சிலேட்டு. ஆனால் கிட்டே இருந்தது. சாதாரணமாக அதை நான் ரிஜெக்ட் செய்திருப்பேன். அன்றைக்கு மட்டும், "கிட்டே இருக்கு," என்றேன்.

"அக்கா, எடிட்டிங்ல ஒவ்வொரு கலரோட வெளிச்சத்தையும் தனித்தனியா ஏத்தி இறக்கலாம்," என்றார் கேமராமேன். அவர் கண் பளபளத்தது. "பச்சையை மட்டும் ஏத்துனா சுவர் வெள்ளையாயிடும். ரோஸை இறக்குனா பழைய காவிப்பட்டை மாதிரி வந்துடும்."

அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தோம். சொன்னபடியே சுவர் வெள்ளையானது. பழைய சுவரேதான். கறைகூட இருந்தாற்போலத் தோன்றியது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் வாசலோரத் தென்னையைப் பார்த்தேன். பச்சையை ஏற்றினால் அது சுவரோடு நிற்குமா? தென்னை, புல், ரோஜாச் செடி, வேலியோரத்து அவரைக்கொடி எல்லாம் சேர்ந்து வெளுத்துவிட்டது. சூளகிரியில் பனி கொட்டிக் கிடந்தது.

"ரோஸை இறக்கிப் பாருங்க," என்றேன்.

இறக்கினார். பட்டை அழகாகக் காவியானது. கூடவே கதாநாயகனின் முகம் கரியானது. ரோஸிலும் சிவப்பு, தோலிலும் சிவப்பு. முதல் பாதியில் மாநிறமாக இருந்த மனிதர் இரண்டாம் பாதியில் அடுப்புக்குள் தலையை விட்டு எடுத்தவர் மாதிரி வருவார்.

அதற்கு வழி பவுடர். அடுத்த ஞாயிறு அவர் முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் வெள்ளை பவுடரை அப்பினோம். கேமராவின் சின்னத் திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்தால் அவர் பழைய மாநிறத்துக்கு வந்திருந்தார். நேரில் பார்த்தால் தெருக்கூத்துக்குக் கிளம்பியவர். அந்தக் கோலத்தில் கட்டிலில் உட்கார்ந்து மனைவியின் சேலையைத் தடவிப் பார்க்க வேண்டும். காபி கொண்டுவந்த வீட்டுக்காரரின் மனைவி வாசல்படியிலேயே நின்றுவிட்டார். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். தட்டில் டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. அதைப் பார்த்துக் கதாநாயகன் சிரித்தார், கேமராமேன் சிரித்தார், கேமரா ஆடியது. அந்த ஒரு காட்சிக்கு மதியம் வரை ஆகிவிட்டது.

அந்த அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "படம் கறுப்பு வெள்ளைங்கக்கா. வீட்டுக் கலர் தெரியாது. சாரு கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலே."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "நீ சொல்லாதே. நான் சொல்லிக்கறேன்."

பெரிய பாரம் இறங்கியது எனக்கு. அவர் கடைசிவரை சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இடையில் ஒரு நாள் வீட்டுக்காரர் கேமராமேனின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார். "ஏம்பா, இதுல கலர் போயிடுச்சு போல இருக்குதே? சூளகிரியில டிவி ரிப்பேர் பண்றவன் ஒருத்தன் இருக்கான், கூப்பிடட்டா?"

"இது வெளிச்சம் பாக்கறதுக்குங்க," என்றார் கேமராமேன்.

"அப்ப சரி."

நான் ரோஜாக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் சொன்னது கேமராமேன்தான். காது சூடானது எனக்கு. அக்கா இன்னும் சொல்லவில்லை, படம் போடுவதற்குள் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் முதலில் அந்த ஊரில்தான் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். ஞாயிறு காலை, சமுதாயக்கூடத்தில். ஜன்னலுக்கெல்லாம் அவரே போர்வை கட்டி இருட்டாக்கினார். "எங்க வீட்டுப் படம்" என்று தெருத் தெருவாகச் சொல்லியிருந்தார். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். கம்பெனியிலிருந்தும் பைக்குகளில் வந்திருந்தார்கள். முதல் வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், நடுநாற்காலியில் அவர்.

படம் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கலர் வரலே!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

இன்னொருவர் எழுந்து வந்து புரொஜெக்டர் கேபிளைப் பிடுங்கி, ஊதி, திரும்பச் சொருகினார். படம் நின்றுபோய் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் கலர் வரவில்லை. அவர் மறுபடியும் பிடுங்கினார். மூன்றாவது முறை கேமராமேன் ஓடிப்போய்க் கேபிளைக் கையால் பொத்திக்கொண்டு, "இது இப்படித்தாங்க! இப்படித்தான் எடுத்திருக்குது!" என்று கத்தினார்.

கூடம் அமைதியானது. அதற்குப் பிறகு நன்றாகத்தான் பார்த்தார்கள். பாதிக்கு மேல், வெள்ளைத் தென்னை வந்தபோது மட்டும் ஒரு முனகல் எழுந்தது.

"வெள்ளை ஈ விழுந்துடுச்சு பாரு."

"முத்திப்போச்சு. மருந்து அடிக்காம வுட்டுட்டான்."

"செடிக்கும் பரவிடுச்சுய்யா."

மனைவியை இழந்த ஒரு மனிதர் திரையில் அழுதுகொண்டிருந்தார். ஊர் முழுக்க அவருடைய தென்னையை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

படம் முடிந்து போர்வைகளை விலக்கினார்கள். வீட்டுக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"மேடம்," என்றார், "வீடு முன்னாடி இருந்த மாதிரியே இருக்குது."

"ஆமாங்க," என்றேன் பெருமையாக. அந்தச் சுவரை ஒத்துப்போக வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு நொடி கழித்துத்தான் அவர் என்ன சொல்கிறார் என்பது உறைத்தது.

"அப்ப நான் எதுக்கு மேடம் பெயின்ட் அடிச்சேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா சொன்னாங்கன்னு நெனச்சேங்க..."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த அக்கா போர்வைகளை மடிப்பதில் மும்முரமாக இருந்தார். "சொன்னா படத்தை நிறுத்திடுவீங்கன்னு சொல்லலே," என்றார், மடிப்பிலிருந்து நிமிராமல். "பாவம், அந்த ஆளு அவ்வளவு பவுடர் போட்டுக்கினு உக்காந்திருந்தாரு."

இரண்டு வாரம் வீட்டுக்காரரிடமிருந்து பேச்சில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. டேங்குகளைப் பார்க்கும்போதெல்லாம் பச்சை டேங்க் வந்தால் எனக்கு மனசு சரியில்லை. மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு திரைப்பட மன்றத்தில் எங்கள் படத்தைப் போடப்போகிறார்கள் என்று கேமராமேன் சொல்லியிருக்கிறார்.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றார். "கடைசியில வீட்டைக் கலர்ல காட்டணும்."

"படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைங்க. கடைசியில திடீர்னு..."

"பத்து செகண்டு."

ஒத்துக்கொண்டேன். கலை, கொள்கை என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையே ஒரு கொள்கையில் வந்ததில்லை.

போனோம். வீட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் நின்றார். அந்த அக்கா அரக்குப் பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு. இரண்டு பேருக்கும் நடுவில் ரோஜாக் கட்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகள் நான்கு. கூண்டுக் கிளியொன்றையும் எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். அதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன், சுவருக்கு முன்னால் அது கண்ணுக்கே தெரியாது என்று விளக்கம் சொல்லி. அசையாமல் நின்று கேமராவைப் பார்த்தார்கள். கேமராமேன் கல்யாண வீட்டுப் பழக்கத்தில், "கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம் நெருங்கி," என்றார். நெருங்கினார்கள். பத்து செகண்ட் முப்பத்தைந்தாக ஆனது.

பெங்களூருக்கு அவர் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்தார். சின்ன அரங்கம். வந்திருந்தவர்கள் எல்லாம் தாடியும் தோள்பையுமாகப் படம் பார்த்துப் பழகியவர்கள். ஒரு சத்தம் இல்லை. தென்னையைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைசியில் திரை பச்சையானது. ரோஸானது. நீலமானது. அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. வீட்டுக்காரர் எழுந்து நின்று, திரும்பி, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். திரையிலும் அவர், இங்கேயும் அவர். கைதட்டல் நிற்க நேரமானது.

வெளியே வந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். அவர்தான் டைரக்டர் என்று நினைத்திருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றேன்.

"யாக்கே சார், பிளாக் அண்ட் ஒயிட்?" என்று கன்னடத்தில் ஒரு பெண் கேட்டார். ஏன் கறுப்பு வெள்ளை?

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் கன்னடத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். மார்க்கெட்டில் பேசிப் பேசிப் பதமான கன்னடம். பொண்டாட்டி செத்தவனுக்கு உலகத்தில் கலர் ஏது என்றார். செடிகூட அவன் கண்ணுக்கு வெளுத்துத்தான் தெரியும். அப்புறம் ஒரு நாள் ஒரு புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா நிற்பதைப் பார்க்கிறான். உடனே கலர் வந்துவிடுகிறது. "அஷ்டே," என்று முடித்தார். அவ்வளவுதான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

"அக்கா," என்றார் கேமராமேன் என் காதோரம், "நாம இதைத்தான் எடுத்தோமா?"

"தெரியலப்பா. கேக்க நல்லாத்தான் இருக்கு."

உண்மையாகவே நன்றாக இருந்தது. எட்டு மாதம் அந்தப் படத்தோடு இருந்த எனக்கு அப்படி ஒரு வரி வரவில்லை. போய் நான்தான் டைரக்டர் என்று சொல்ல மனமும் வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்கு நான் அல்லவா பதில் சொல்ல வேண்டும்?

வேனுக்கு நடக்கும்போது வீட்டுக்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்தார். ஏதோ ரொம்ப நேரமாக மனதில் வைத்திருந்தது போல மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஆளோட பொண்டாட்டி எப்படிச் செத்தா? ரெண்டு தடவை பாத்துட்டேன், படத்துல சொல்லவே இல்லையே."

நான் நின்றுவிட்டேன். நான் அதை யோசித்ததே இல்லை.

"தெரியலைங்கக்கா."

"நீதானே எழுதினே?"

"ஆமாங்க. ஆனா அதை எழுதலே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படித்த பெண், கம்பெனியில் வேலை, இது தெரியவில்லையா என்கிற பார்வை. வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். எனக்கும் இடம் விட்டார்.

"காய்ச்சலா இருக்கும்," என்றார் கொஞ்சம் கழித்து. "அந்த ஆளு கட்டிலு பக்கத்துல மாத்திரை அட்டை கெடந்துச்சு."

அது கதாநாயகனுடைய பிரஷர் மாத்திரை. ஷூட்டிங்கில் எடுத்து வைக்க மறந்தது.

"காய்ச்சல்தாங்கக்கா," என்றேன்.

"அதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.